பல்செட்டுக்காரரின் ரெட்டைச் சீட்டு வண்டி

பல்செட்டுக்காரர் யாரையும் கண்ணைப் பார்த்துப் பேசியதில்லை. வாயைப் பார்த்துத்தான் பேசுவார். புதிதாகப் பழகுகிறவர்கள், பாவம் காது கேட்காது போலிருக்கிறது, உதட்டசைவை வைத்துப் புரிந்துகொள்கிறார் என்று எண்ணிக் குரலை உயர்த்துவார்கள். காதெல்லாம் பாம்புச் செவி. தொழில் பழக்கம் அப்படி. எதிரில் இருப்பவர் ‘வாங்க’ என்று சொல்லி வாயை மூடுவதற்குள் மேல்வரிசையில் எது பிறந்த பல், எது செய்த பல் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் தன் பட்டறையில் உட்கார்ந்து மெழுகில் ஈறு பிடித்து, பல் வரிசை வைத்து, பிறகு அதை இளஞ்சிவப்பு ரெசினில் வார்த்து, தேய்த்து, பளபளப்பாக்கி அனுப்பிவைப்பார். பட்டறை என்றால் ஜன்னலோரம் ஒரு மேசை, கால் மிதியில் ஓடும் ஒரு சின்னத் துளைக்கருவி, மாவு படிந்த ஒரு தண்ணீர்த் தொட்டி. அலமாரித் தட்டுகளில் யார் யாருடைய வாய்களோ வெள்ளை மாவில் வார்த்தபடி இறுகி அமர்ந்திருக்கும். முதன்முதலில் அந்த அறைக்குள் வந்த அவர் மனைவி, “இவ்வளவு பேர் இருக்காங்க, ஒருத்தரும் பேச மாட்டேங்கிறாங்களே” என்றாள். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தவர்தான் அவர், இன்னும் எழுந்திருக்கவில்லை.

தொழிலில் அவருக்கு இரண்டு வேதங்கள். ஒன்று: “நல்ல செட்டுன்னா, போட்டிருக்கிறதே போட்டவனுக்கு மறந்துபோகணும்.” இரண்டாவது காற்றைப் பற்றியது. மேல் அண்ணத்துக்கும் செட்டுக்கும் நடுவில் இம்மி காற்றுப் போனாலும் செட்டு கழன்று விழும், சோற்றுத் தட்டில் பல் சிரிக்கும். ஆகவே காற்றுதான் எதிரி. வாழ்நாள் முழுக்க அவர் காற்றுக்கு வழி அடைத்தே பிழைத்தார்.

கார் வந்தது இளவயதில். அவர் வேலை பார்த்துவந்த பல் டாக்டர் திடீரென்று வெளிநாடு போய்க் குடியேறியபோது, கொட்டகையில் தார்ப்பாய் மூடிக் கிடந்த தன் ரெட்டைச் சீட்டு ஸ்போர்ட்ஸ் காரைக் காட்டி, “ஓட வெச்சா உனக்கு, இல்லேன்னா எலிக்கு” என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். நீண்ட மூக்கு, இடுப்பளவு உயரம், மேலே கூரை கிடையாது. ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்கவேண்டும். அவர் கைக்கு வந்தபோது பழைய செங்கல் நிறம். மெக்கானிக் எவனையும் கிட்டச் சேர்க்கவில்லை. “அவனுங்க சுத்தியலால யோசிக்கிறவனுங்க” என்பார். ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, கழுவி, பல்லுக்குப் பல் வைப்பதுபோல் பொருத்தி, ஒருநாள் ஓடவும் வைத்துவிட்டார்.

ஓடியது. கொஞ்ச காலத்தில் ஒழுகவும் ஆரம்பித்தது.

நிறுத்திய இடத்திலெல்லாம் கறுப்பாக ஒரு பொட்டு வைக்கும். பழைய வீட்டில் முற்றம் மண்தரை. ஒழுகியதை மண் குடித்துக்கொண்டது, யாரும் கணக்கில் எடுக்கவில்லை. மாமனார் வீட்டு வாசலில் ஒரு பொட்டு, பிரசவ ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் ஒரு பொட்டு, பெரிய மகளைப் பள்ளியில் சேர்த்த அன்று கேட்டுக்கு வெளியே ஒரு பொட்டு. வண்டி எங்கெங்கே காத்திருந்தது என்று தரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். மனைவியின் தம்பி, லாரி உதிரிபாகக் கடை வைத்திருப்பவன், ஒவ்வொரு முறை வரும்போதும் குனிந்து பார்த்துவிட்டுச் சொல்வான்:

“அத்தான், இது கார் இல்ல, கைக்குழந்தை. படுத்த இடத்தையெல்லாம் நனைச்சு வெச்சிடுது.”

“குழந்தைன்னா அப்படித்தான்டா. நீ நனைக்காமலா வளந்த?”

“நான் ரெண்டு வயசுல நிறுத்திட்டேன் அத்தான். இது கிழவியாகியும் நிறுத்தலையே.”

அவனுக்கு அந்தக் காரின்மேல் ஒரு கண். ஒரு கண் என்ன, இரண்டு கண்ணும்தான். ஊர்க்கோடியில் பெரிய கொட்டகை கட்டி வைத்திருக்கிறான். “எப்ப வேணும்னாலும் அனுப்புங்க, ராணி மாதிரி வெச்சுப்பேன்” என்பான். அத்தான் சிரித்து மழுப்பிவிடுவார்.

நிலைமை மாறியது அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோன பிறகு. மனைவிக்கு முழங்கால் தேய்ந்து, படி ஏறுவது மலை ஏறுவதாகிவிட்டது. லிப்ட் உள்ள வீடாகப் பெரியவள்தான் பார்த்துக் கொடுத்தாள். காருக்குக் கீழ்த்தளத்தில், தூணோரமாக, வெள்ளைக் கோடு போட்ட ஓர் இடம். அங்கே மண் இல்லை. சிமெண்டுத் தரை எதையும் குடிப்பதில்லை, எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தது. ஆயில் கோடு தாண்டி, சரிவு பார்த்து, மெல்ல நடந்துபோய்ப் பாதையில் நின்றது. ஒருநாள் காலை அதில் கால் வைத்தவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர். தூணைக் கட்டிப்பிடித்து எப்படியோ விழாமல் தப்பினார்.

செயலாளரம்மா ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கோபத்தில்கூட நோயாளியிடம் பேசுவதுபோல நிதானமாகத்தான் பேசுவார்.

“உங்க மேல எனக்கு வருத்தமில்ல. ஆனா ஒரு வயசானவங்க விழுந்து இடுப்பு உடைஞ்சா யார் பதில் சொல்றது? வர்ற ஞாயித்துக்கிழமை தரைக்குப் புது பெயிண்ட் அடிக்கிறோம். அதுக்குள்ள ஒழுக்கு நிக்கணும். நிக்கலேன்னா வண்டி இங்க நிக்கக்கூடாது.”

“சரி பண்ணிடறேம்மா.”

“இதையேதான் போன மாசமும் சொன்னீங்க.”

வண்டியை வைத்துக்கொள்ள வேறு இடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறினால், மச்சினனின் கொட்டகைதான். விஷயம் எப்படியோ அவன் காதுக்கு எட்டி, புதன்கிழமையே வந்து நின்றான். கையில் தார்ப்பாய்.

“இதை எதுக்குடா கொண்டுவந்த?”

“சும்மா அத்தான். வழியில மழை வந்தா?”

“வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல.”

“மேகம் சொல்லிட்டா வரும்?”

பல்செட்டுக்காரர் காரின் மூக்கைத் திறந்தார். உண்மையில், குடிவந்த நாளிலிருந்து அவர் சும்மா இருக்கவில்லை. என்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவருக்கடியில், ஆயில் கசியாமல் தடுக்கும் கார்க் பேக்கிங்கைத் தானே வெட்டி, மயிரிழை பிசகாமல் பொருத்தினார். மறுநாள் ஆயில் கூடுதலாக ஒழுகியது. போல்ட்டுகளை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார். இன்னும் கூடியது. ஆயில் ஊற்றும் மூடி கொஞ்சம் லொடலொடவென்றிருப்பதைக் கண்டு, அதற்கும் ஒரு ரப்பர் வளையம் செய்து, அடி மேல் அடி வைத்து உட்கார்த்தினார். அதற்கப்புறம்தான் பொட்டு பொட்டாக விழுந்தது குளமாகத் தேங்கி, செயலாளரம்மாவின் காலை வாரியது. அடைக்க அடைக்க ஒழுகுகிற வினோதம் அவருக்குப் புரியவே இல்லை.

“எங்கேருந்து வருதுன்னு தெரியாம எதையாவது மாத்திக்கிட்டே இருந்தா எப்படி அத்தான்?” என்றான் மச்சினன். “சொட்டுற இடம் வேற, கசியற இடம் வேற. ஓடறப்ப காத்துல பின்னால வழிஞ்சு போய், எங்கேயோ மூலையில நின்னு சொட்டும். பழியை மூலை சுமக்கும்.”

அதில் அவருக்கு மறுப்பில்லை. வலி ஒரு பல்லில், குற்றம் இன்னொரு பல்லில் என்பது அவருக்குத் தெரியாததா? செட்டு குத்துகிறது என்று வருகிறவர்கள் காட்டும் இடத்தில் ஒருநாளும் அவர் அரம் வைத்ததில்லை. செட்டின் உட்புறம் வெள்ளைப் பசையைத் தடவி, வாயில் வைத்து அழுத்தி எடுக்கச் சொல்வார். பசை எங்கே விலகியிருக்கிறதோ அங்கேதான் குத்து. இத்தனை வருஷம் ஊர் வாய்களுக்குச் செய்ததை இந்த வாய்க்கு மட்டும் செய்யாமல் விட்டோமே என்று அப்போதுதான் உறைத்தது.

சனிக்கிழமை காலை என்ஜினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, துணியால் ஒற்றி, ஈரமில்லாமல் காயவைத்தார். “வெள்ளையா ஏதாவது பொடி வேணும். மாவு வேணாம், கட்டி தட்டும்” என்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தார். மனைவி லிப்டில் இறங்கிவந்தாள். கையில் அவளுடைய முகப்பவுடர் டப்பா, கக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல்.

“இதான் இருக்கு. பார்த்துப் போடுங்க, எனக்கும் முகம் இருக்கு.”

“அக்கா, என்ஜினுக்கு அலங்காரமா? பொண்ணு பாக்க வர்றாங்களா?”

“நீதானே தார்ப்பாயோட வந்து நிக்கிற மாப்பிள்ளை.”

மச்சினன் டார்ச்சைத் தேடி எடுத்தான்.

என்ஜின் முழுக்க மெல்லிசாகப் பவுடர் படிந்தது. கறுத்த இரும்பு மாவு வாய்போல வெளிறி நின்றது. சாவியைத் திருப்பினார். இரண்டு செருமல், ஓர் இருமல், பிறகு அந்தப் பழைய கரகரத்த குரல் கீழ்த்தளம் முழுக்க நிறைந்தது. மச்சினன் டார்ச் பிடிக்க, பல்செட்டுக்காரர் அட்டையை விரித்துப் படுத்து, டாக்டர்கள் வாய்க்குள் விடுகிற நீண்ட காம்பு வட்டக் கண்ணாடியால் என்ஜினின் முதுகைப் பார்த்தார்.

முதலில் டேப்பட் கவர் விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு. “இதோ!” என்றான் மச்சினன். சொல்லி வாய் மூடவில்லை, முன்பக்கக் கப்பியடியில் இன்னொரு கோடு. பின்பக்கம் இன்னொன்று. கண்ணாடியை எங்கே திருப்பினாலும் வெள்ளைக்குள் கறுப்பு நரம்பு ஓடியது. அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஒரு பல்லடியில் ரத்தம் வந்தால் பல்லைப் பார்க்கலாம். எல்லா ஈறிலும் ஒரே நேரத்தில் வந்தால் அது பல்லின் நோய் அல்ல, உடம்பின் நோய்.

“முடிஞ்சது. இனி யார் கையில இருந்தாலும் இது தேறாது” என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஆயில் அளக்கும் கம்பி தன்பாட்டில் மெல்ல மேலே எழும்பியது. நத்தை கொம்பு நீட்டுவதுபோல, யாரும் தொடாமல். எழும்பி, ஒருபக்கமாய்ச் சாய்ந்து நின்றது. அந்த ஓட்டையிலிருந்து குபுக்கென்று ஆயில் வழிந்தது.

மச்சினன் பாய்ந்து என்ஜினை அணைத்தான்.

“அத்தான், உள்ள காத்து முட்டுது! முட்டின காத்து இருக்கிற சந்தெல்லாம் ஆயிலைப் பிதுக்குது. பேக்கிங் மேல குத்தமே இல்ல. என்ஜினுக்கு மூச்சு விடற குழாய் ஒண்ணு இருக்கணுமே, பிரீதர்னு சொல்வாங்க. அது எங்க?”

“இந்த வண்டிக்கு அது கிடையாது.”

“கிடையாதா? எருமைக்கு மூக்கு கிடையாதுன்னு சொல்ற மாதிரி இருக்கு.”

“டேய், இதைப் பொறுக்கிப் பொருத்தினவன் நான். ஒவ்வொரு ஓட்டையும் எனக்குத் தெரியும். கிடையாதுன்னா கிடையாது.”

ஸ்டூலில் உட்கார்ந்து பவுடர் டப்பாவை மூடிக்கொண்டிருந்த மனைவி, தலை நிமிராமல் சொன்னாள்: “இருந்துச்சே.”

இருவரும் திரும்பினார்கள்.

“என் சீட்டுப் பக்கமா, கட்டைவிரல் தடிமன்ல ஒரு குழாய். நீங்கதானே அடைச்சீங்க?”

“நானா?”

“பெரியவ வயித்துல இருந்தப்ப.”

அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், வழக்கம்போல. அவள் உதடுகள் கொஞ்சம் இறுகின.

“அந்தக் குழாயிலேருந்து புகை புகையா வரும், ஆயில் வாடையோட. எனக்கு மசக்கை. ஆஸ்பத்திரிக்குப் போற வழியில ஒரு வளைவு இருக்குமே, அங்க வந்ததும் நிறுத்துங்கன்னு கையைக் காட்டுவேன். போற தடவையெல்லாம் அதே மரத்தடியில வாந்தி. பஸ்ல போறேன்னு சொன்னேன். நீங்க கேக்கல. பட்டறைக்குக் கொண்டுபோய், பல்லுக்கு எடுக்கிற மாதிரி அந்தக் குழாய் வாய்க்கு அச்சு எடுத்தீங்க. மெழுகு, மாவு, ரெசின், எல்லாம் பண்ணி, கார்க் மாதிரி ஒண்ணு செஞ்சீங்க. ரோஸ் கலரா தெரியுதுன்னு மேல கறுப்புப் பெயிண்ட் வேற. மறுநாள்லேருந்து வாடையே இல்ல.”

கீழ்த்தளத்தில் எங்கோ தண்ணீர்க் குழாய் இரைந்து அடங்கியது.

“ஊர்ல அவங்கவங்க பொண்டாட்டிக்கு வளையல் செஞ்சு போட்டாங்க. எனக்கு ஒரு மனுஷன் வண்டி மூக்குக்கு மூடி செஞ்சு போட்டாரேன்னு நான் நெனச்சுச் சிரிக்காத நாள் உண்டா? நீங்க மறந்தே போயிட்டீங்களா?”

மறந்துதான் போயிருந்தார். எந்தத் தடயமும் இல்லாமல், அச்சு உடைத்துப் போட்ட மாவைப்போல. அந்த மரம் நினைவிருந்தது, வளைவு நினைவிருந்தது, அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்திருந்த தன் உள்ளங்கையின் ஈரம்கூட நினைவுக்கு வந்தது. செய்த பொருள் மட்டும் வரவில்லை. போட்டவனுக்கே மறந்துபோகும்படி செய்வது அவருடைய திறமை அல்லவா? அது இந்த ஒருமுறை அவரிடமே வேலையைக் காட்டிவிட்டது.

“அக்கா, இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? இத்தனை வருஷம்!”

“யாருடா என்னைக் கேட்டீங்க? இவருக்குத் தெரியும்னுல்ல இருந்தேன். தான் செஞ்சதைத் தானே மறப்பாரா ஒருத்தர்? தவிர, அதுக்கும் ஒழுக்குக்கும் முடிச்சு இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

பல்செட்டுக்காரர் மறுபடி படுத்து, அவள் சொன்ன பக்கம் கண்ணாடியை நீட்டினார். வெறும் இரும்பு. வார்ப்பிலேயே அப்படி மழுங்க முடிந்த ஒரு குமிழ்போலத்தான் தெரிந்தது. எத்தனையோ முறை துடைத்த இடம். நகத்தால் சுரண்டினார். கறுப்புச் செதில் ஒன்று உதிர்ந்தது. அடியில், பச்சைக் குழந்தையின் ஈறுபோல, இளஞ்சிவப்பு.

“நல்லாத்தான் செஞ்சிருக்கேன்” என்று அவர் வாயிலிருந்து தன்னையறியாமல் வந்தது.

“அத்தான், அதுக்கு அப்புறமா பரிசு குடுக்கலாம். மொதல்ல பிடுங்குங்க.”

பிடுங்குவது லேசாக இல்லை. அவருடைய பொருத்தம் அவருக்கே எதிரியாகிவிட்டது. குறடுக்குப் பிடி கொடுக்கவில்லை, திருகினால் அசையவில்லை. மேலே போய்ச் சின்னத் துளைக்கருவியை எடுத்துவந்து, நடுவில் துளை போட்டு, கொக்கி மாட்டி, மூச்சைப் பிடித்து இழுத்தார். இரண்டாக உடைந்து ஒரு பாதி கையோடு வந்தது. மறுபாதி குழாய்க்குள் விழாதபடி கண்ணாடிக் காம்பால் தாங்கி, பொறுமையாக வெளியே நெம்பினார். நெடுநாள் அடைபட்டிருந்த காற்று புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விட்டது.

அதன்பிறகுதான் பேக்கிங் வேலை. இறுக்கி இறுக்கி நசுங்கிக் கிழிந்திருந்த கார்க்கை எடுத்தெறிந்து புதிது வைத்தார். போல்ட்டை இந்தமுறை விரல் நுனியால் திருப்பி, ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் கொடுத்து நிறுத்தினார். இன்னும் ஒரு சுற்றுக்காகக் கை பரபரத்தது. மனைவி, “போதும்” என்றாள். மூடியிலிருந்த ரப்பர் வளையத்தையும் கழற்றினார். மச்சினன் தன் கடைக்குப் போய் ஒரு ரப்பர் ஹோஸ் கொண்டுவந்து குழாயில் மாட்டி, புகை சீட்டுப் பக்கம் வராமல் வண்டியின் அடிவயிற்றோடு பின்னால் போகும்படி கிளாம்பு போட்டான். போடும்போது, “என் வாய்ல நானே மண்ணைப் போட்டுக்கறேன் பாருங்க” என்று முணுமுணுத்துக்கொண்டான்.

“உன் வாய்ல நல்ல பல்லு இருக்குடா. மண்ணு ஒண்ணும் பண்ணாது.”

மாலைவரை வண்டி ஓடியது. என்ஜின் சத்தத்தில்கூட ஏதோ தளர்ந்து இறங்கியிருந்தது, இறுக்கமான சட்டையின் பொத்தானைக் கழற்றியவனைப்போல. அடியில் வெள்ளை அட்டையை விரித்துவிட்டு மேலே போனார்கள்.

ஞாயிறு காலை பெயிண்ட் வாளிகளுடன் ஆட்கள் வந்துவிட்டார்கள். செயலாளரம்மா டார்ச்சோடு வந்தார். அட்டையை உருவச் சொன்னார். மச்சினன்தான் உருவினான். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு குனிந்து, வண்டியின் அடிப்புறத்தில் ஒரு விரலை ஓட்டி, விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

பல்செட்டுக்காரர் முதன்முறையாக ஒருவருடைய வாயைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்தார்.

“வெள்ளையா ஒட்டுது. வாசனையா வேற இருக்கு. என்ன இது?”

“பவுடருங்க” என்றார் அவர்.

“வண்டிக்கா?”

“என்னோடதுங்க” என்றாள் மனைவி. “ஒரு அவசரத்துக்குக் கடன் குடுத்தேன்.”

செயலாளரம்மாவின் உதடு ஒரு பக்கமாக நெளிந்தது. சிரிப்பை அடக்கியபோது கீழ்வரிசையில் ஒரு பல் செய்த பல் என்று தெரிந்தது. நல்ல வேலை, யாரோ கவனமாகச் செய்திருக்கிறார்கள். “தரையை முதல்ல இந்த இடத்திலேருந்து ஆரம்பிங்கப்பா. காஞ்சதும் இவங்க வண்டி இங்கேயே நிக்கட்டும்” என்று பெயிண்ட்காரர்களிடம் சொல்லிவிட்டு நகர்ந்தார். மச்சினன் தார்ப்பாயை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். “மழை வரல அக்கா” என்றான். அவள் அவன் முதுகில் ஒரு தட்டு தட்டினாள்.

பெயிண்ட் அடிக்க இடம் விட்டு வண்டியை வெளியே எடுத்தாகவேண்டும். பல்செட்டுக்காரர் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். மனைவி வண்டியின் மறுபக்கம் வந்து கதவைத் திறந்தாள். தரையோடு தரையாக இருக்கும் சீட்டு. முழங்கால் மடங்காமல் போனபிறகு அவள் அதில் உட்கார்ந்ததில்லை. முதலில் பின்னால் திரும்பி நின்று, கதவைப் பிடித்து மெல்லச் சரிந்து, சொத்தென்று விழுந்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே தூக்கி உள்ளே வைத்தாள்.

“எங்க போகணும்?”

“எங்கேயும் வேணாம். கொஞ்ச நேரம் இப்படியே ஓடட்டும்.”

என்ஜின் ஓடியது. இருவரும் முன்னால் இருந்த சுவரைப் பார்த்தபடி, மிக வேகமாக எங்கோ போய்க்கொண்டிருப்பவர்களைப்போல உட்கார்ந்திருந்தார்கள். அவர் கியர்க் கம்பியின்மேல் கையை வைத்தார். அவள் அந்தக் கையின்மேல் தன் கையை வைத்தாள். ஆயில் கறை போகாத விரல்கள். அவள் துடைக்கச் சொல்லவில்லை.

படிக்கட்டிலிருந்து செயலாளரம்மாவின் குரல் வந்தது.

“நிக்கலாம்னுதான் சொன்னேன். இங்க நின்னுக்கிட்டே ஓட்டலாம்னு சொல்லல. புகை மேல வருது பாருங்க!”

“இதோ கிளம்பிட்டோம்மா!” என்று அவருக்கு முந்திக்கொண்டு கத்தினாள் மனைவி. அவர் முதல் கியரைப் போட்டார். வண்டி சரிவில் ஏறி, வெயிலுக்குள் மூக்கை நீட்டியது.